ஹீட்டரில் ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர்: டேஷ்போர்டைப் பிரிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி சுருக்கமாக இது. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்தால் பக்கத்து இருக்கைப் பக்கம் நல்ல சூடாகக் காற்று வருகிறது, ஓட்டுநர் பக்கம் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது. வண்டி ஓடும்போது சமாளிக்கலாம். சிக்னலில் நின்றால் இரண்டு பக்கமும் ஆறிப்போகிறது. தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகும் வரை கூலன்டை, அதாவது குளிர்விக்கும் திரவத்தை, ரேடியேட்டருக்குப் போகவிடாத வால்வு) மாற்றியாயிற்று. அதன் பிறகு இன்னும் கொஞ்சம் மோசமாகத்தான் இருக்கிறது. ஹீட்டர் கோரை மாற்ற வேண்டும், அதற்கு டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். ஒப்புக்கொள்ளலாமா?

இப்போதைக்கு வேண்டாம். அவர் சொல்வது கடைசியில் சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த முடிவுக்கு வருவதற்கு முன் பார்க்க வேண்டிய மூன்று நான்கு விஷயங்கள் இருக்கின்றன. எல்லாமே பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு காலைப் பொழுதில் பார்த்துவிடக் கூடியவை. நீங்கள் கொடுத்த விவரத்திலேயே நல்ல துப்பு ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால், இந்தச் சூடு எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

இன்ஜினில் எரியும் எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெறும் வெப்பமாகக் கூலன்டுக்குப் போகிறது. அந்தச் சூடான கூலன்டில் ஒரு பகுதியை ஒரு ஹோஸ் வழியாகக் கேபினுக்குள் கொண்டுவந்து, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சின்ன ரேடியேட்டர் வழியாக ஓடவிட்டு, இன்னொரு ஹோஸ் வழியாகத் திருப்பி அனுப்புகிறார்கள். அந்தச் சின்ன ரேடியேட்டர்தான் ஹீட்டர் கோர். ப்ளோயர் அதன் மேல் காற்றை ஊதுகிறது. எவ்வளவு காற்று கோர் வழியாகப் போக வேண்டும், எவ்வளவு அதைத் தொடாமல் சுற்றிப் போக வேண்டும் என்பதை ஒரு பிளாஸ்டிக் கதவு தீர்மானிக்கிறது. இதை ப்ளெண்ட் டோர் என்பார்கள். அதைத் திருப்புவது ஆக்சுவேட்டர் என்ற சின்ன மோட்டார். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக வெப்பம் வைக்கும் வசதியுள்ள வண்டியில் இரண்டு கதவுகள், இரண்டு ஆக்சுவேட்டர்கள் இருக்கும். கோர் மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான்.

குழப்பம் தொடங்குவது இங்கேதான். ஒரு பக்கம் மட்டும் ஆறினால், கோர் ஒன்றுதானே, அப்படியானால் கதவுதான் கெட்டிருக்க வேண்டும் என்று தோன்றும். கதவாக இருக்கவும் கூடும். ஆனால் கோருக்குள் கூலன்ட் ஒரு முனையில் நுழைந்து ஒவ்வொரு குழாயாகக் கடந்து போகிறது. ஓட்டம் நன்றாக இருந்தால் கோர் முழுக்க ஏறக்குறைய ஒரே சூடு. ஓட்டம் குறைந்தால், நுழைகிற முனையிலேயே சூட்டையெல்லாம் காற்றுக்குக் கொடுத்துவிட்டு, மறுமுனைக்குப் போகும்போது கூலன்ட் ஆறிவிடுகிறது. பாதிக் கோர் சூடு, பாதிக் கோர் குளிர். சூடான பாதியைத் தாண்டி வரும் காற்று உங்கள் வண்டியில் பக்கத்து இருக்கைக்குப் போகிறது, அவ்வளவுதான்.

கதவா, ஓட்டமா என்று பிரிக்க நீங்கள் சொன்ன சிக்னல் விஷயமே போதும். ப்ளெண்ட் டோருக்கு இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பது தெரியாது. கதவு பாதியில் சிக்கியிருந்தால் ஓடும்போதும் நிற்கும்போதும் அதே கதைதான். ஆனால் வாட்டர் பம்ப் பெரும்பாலான வண்டிகளில் இன்ஜினோடு சேர்ந்து சுற்றுகிறது. ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, மெதுவாகத் தள்ளும், ரேஸ் கொடுத்தால் வேகமாகத் தள்ளும். நின்றால் ஆறுகிறது, ஓடினால் சுடுகிறது என்றால் சந்தேகம் முதலில் கூலன்ட் ஓட்டத்தின் மேல்தான் விழ வேண்டும். (பழைய சில வண்டிகளில் கதவுகள் இன்ஜினின் உறிஞ்சும் விசையால் (வாக்குவம்) இயங்கும். அங்கே கதை தலைகீழ்: ஐடிலில் சரியாக இருக்கும், மேட்டில் அழுத்தி ஏறும்போது கதவு நழுவும்.)

சரி, பானெட்டைத் திறப்போம். இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள இரும்புத் தடுப்பில் பக்கத்துப் பக்கமாக இரண்டு ஹோஸ்கள் உள்ளே போகும். அவைதான் ஹீட்டர் ஹோஸ்கள். வண்டியைக் கால் மணி நேரமாவது ஓட்டி இன்ஜினை முழுச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஹீட்டர் முழுச் சூட்டில், ப்ளோயர் நடு வேகத்தில் இருக்கட்டும். இன்ஜின் ஐடிலில் ஓடட்டும். பெல்ட்டிலிருந்து கையும் துணியும் தள்ளியே இருக்க வேண்டும். ரேடியேட்டர் ஃபேன் எந்த நொடியிலும் தானாகச் சுற்றத் தொடங்கும். இப்போது இரண்டு ஹோஸ்களையும் தொட்டுப் பாருங்கள். நல்ல நிலையில் இரண்டுமே ஓரிரு நொடிக்கு மேல் பிடிக்க முடியாத சூட்டில் இருக்கும். திரும்பி வருவது மட்டும் கொஞ்சம் குறைவாக இருக்கும். தூரத்திலிருந்தே வெப்பம் காட்டும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. கறுப்பு ரப்பரின் மேல் அது நம்பகமாகவே காட்டும். நுழைகிற ஹோஸ் 80 முதல் 90 டிகிரி, திரும்புவது அதைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி குறைவு என்றால் ஓட்டம் சரி. கதவுப் பக்கம் போகலாம். ஒன்று கொதிக்கிறது, இன்னொன்று வெதுவெதுப்பு என்றால் கோருக்குள் ஓட்டமில்லை. இரண்டுமே வெதுவெதுப்பு என்றால் ஒன்று இன்ஜினே சூடாகவில்லை, இல்லை சூடான கூலன்ட் அங்கே வந்துசேரவில்லை. பிறகு ஒரு ஆளை விட்டு 2000 ஆர்பிஎம் அளவுக்கு ரேஸ் கொடுத்து வைத்திருக்கச் சொல்லி மறுபடி பாருங்கள். ஆறியிருந்த ஹோஸ் சூடேறினால், ஓட்டம்தான் பிரச்சினை என்பது உறுதியாகிவிடும்.

இன்ஜின் சூடாகிறதா என்பதற்கு டேஷ்போர்டு முள்ளை மட்டும் நம்ப வேண்டாம். இப்போதைய பல வண்டிகளில் அந்த முள் ஒரு பெரிய இடைவெளி முழுக்க நடுவிலேயே நிற்கும்படி வைத்திருக்கிறார்கள். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரைச் சொருகி கூலன்ட் வெப்பத்தை எண்ணாகவே பார்ப்பது நல்லது. சமவெளியில் ஓட்டும்போது 70க்குக் கீழேயே தங்கினால், அல்லது பி0128 என்ற பிழைக் குறியீடு வந்தால், பெரும்பாலும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே நிற்கிறது என்று அர்த்தம். புதிதாகப் போட்டதும் அப்படி இருக்கலாம்.

உங்கள் விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது ஏர் லாக், அதாவது கூலன்ட் பாதையில் சிக்கிய காற்று. தெர்மோஸ்டாட்டை மாற்றும்போது கூலன்டை இறக்கியிருப்பார்கள். திரும்ப நிரப்பும்போது காற்று உள்ளே போகாமல் இருக்காது. அதை முழுவதும் வெளியேற்றாமல் விட்டால், அந்தக் காற்று எங்கே உயரமான இடம் இருக்கிறதோ அங்கே போய் உட்காரும். பல வண்டிகளில் அந்த இடம் ஹீட்டர் கோர்தான். வண்டியை ஸ்டார்ட் செய்ததும் அல்லது ரேஸ் கொடுத்ததும் டேஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் களகளவென்று ஓடுகிற சத்தம் கேட்கிறதா? கேட்டால் வேறு சாட்சி வேண்டாம். தெர்மோஸ்டாட்டை எப்படிப் போட்டார்கள் என்பதையும் விசாரியுங்கள். சிலவற்றில் ஒரு சின்ன ஓட்டையும் அதில் ஆடுகிற ஊசியும் இருக்கும். காற்று வெளியேறுவதற்காக வைத்தது. தெர்மோஸ்டாட் நின்ற வாக்கில் பொருந்தும் வண்டியில் அந்த ஊசி மேல்பக்கம் இருக்க வேண்டும். கீழ்ப்பக்கம் வைத்துவிட்டால் காற்று அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

கூலன்ட் அளவைப் பார்ப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. எல்லோரும் ரேடியேட்டருக்குப் பக்கத்திலுள்ள கூலன்ட் டப்பாவை மட்டும் பார்த்துவிட்டு நிறைந்திருக்கிறது என்பார்கள். ரேடியேட்டர் மேல் தனியாக மூடி உள்ள வண்டிகளில், இன்ஜின் ஆறும்போது டப்பாவிலிருந்து கூலன்டை உள்ளே இழுப்பதற்கு அந்த மூடியில் ஒரு சின்ன வால்வு இருக்கிறது. அது கெட்டுப்போனால் டப்பா நிறைந்தே இருக்கும், ரேடியேட்டர் மட்டும் குறைந்துகொண்டே போகும். ஆகவே இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு, காலையில் முதல் வேலையாக, ரேடியேட்டர் மூடியையே திறந்து பாருங்கள். விளிம்பு வரை நிற்க வேண்டும். சூடாக இருக்கும்போது எந்தக் காரணத்துக்காகவும் அந்த மூடியில் கை வைக்காதீர்கள். உள்ளே ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் கூடுதலாக இருக்கும். அந்த அழுத்தத்தில்தான் 100 டிகிரியைத் தாண்டியும் கூலன்ட் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்த நொடியில் அது கொதித்து முகத்தில் அடிக்கும்.

காற்றை எடுப்பது கஷ்டமான வேலை இல்லை, பொறுமை மட்டும் வேண்டும். வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி ஒரு சரிவில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுங்கள். இன்ஜின் ஆறியிருக்கட்டும். ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். ஹீட்டருக்குப் போகும் கூலன்டைத் திறந்து மூடும் வால்வு உள்ள வண்டியானால் அது திறந்தால்தான் கோருக்குள் எதுவும் போகும். மூடியைத் திறந்து, வாயில் இறுக்கமாகப் பொருந்தும் நீளப் புனல் இருந்தால் வைத்து, கூலன்டை மெதுவாக நிரப்புங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு ரேடியேட்டரின் மேல் ஹோஸை அவ்வப்போது அழுத்தி விட்டால் குமிழ்கள் வரும். அளவு இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருங்கள். ஒரு கட்டத்தில் மேல் ஹோஸ் திடீரென்று சூடாகும்; அப்போதுதான் தெர்மோஸ்டாட் திறக்கிறது, பெரிய குமிழ்களும் அப்போதுதான் வரும். கொஞ்சம் ரேஸ் கொடுத்து விடுங்கள். குமிழ் நின்று, ரேடியேட்டர் ஃபேன் ஒன்றிரண்டு முறை ஓடி நின்ற பிறகு, இன்ஜினை அணைத்து முழுக்க ஆறவிட்டு, மறுபடி நிரப்பி மூடியைப் போடுங்கள். சில வண்டிகளில் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கிலோ ஹீட்டர் ஹோஸிலோ காற்று எடுக்கத் தனி ஸ்க்ரூ இருக்கும். குமிழ் இல்லாமல் சீராகக் கூலன்ட் வழியும் வரை அதைத் தளர்த்தி வைத்தால் வேலை பாதியாகக் குறையும். பிளாஸ்டிக் ஸ்க்ரூவாக இருந்தால் மென்மையாகத் திருகுங்கள், பழையது சட்டென்று உடையும். மின்சார வாட்டர் பம்ப் உள்ள வண்டிகளுக்கு இந்த முறை போதாது. பம்பைத் தனியாக ஓடவிடும் முறை அந்தந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

ஊற்றுவது எது என்பதிலும் கவனம் வேண்டும். வண்டிக்குச் சொன்ன வகையையே ஊற்றுங்கள். செறிவாக வருவதை டிஸ்டில்ட் வாட்டரோடு பாதிக்குப் பாதி கலக்க வேண்டும். நிறம் ஒன்றாக இருந்தால் வகையும் ஒன்று என்று நினைக்காதீர்கள்; நிறத்துக்குப் பொதுவான விதி எதுவும் இல்லை. எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட் இனிக்கும், ஆனால் கடும் விஷம். கீழே சிந்தியதை நாயோ பூனையோ நக்குவதற்குள் கழுவிவிடுங்கள்.

காற்றை எடுத்தும் திரும்புகிற ஹோஸ் ஆறியே இருந்தால், அடுத்தது அடைப்பு. பழைய கூலன்டில் துருவைத் தடுக்கும் சேர்மானம் தீர்ந்துபோனாலோ, ஒன்றோடொன்று சேராத வகைகள் கலந்தாலோ, உள்ளே பழுப்பு நிறத்தில் சேறு போல ஒன்று படியும். ஒழுகலை அடைக்க ஊற்றும் பொடியும் திரவமும் இதே வேலையைத்தான் செய்கின்றன. ஒழுகும் ஓட்டையை அவை அடைக்கலாம், கூடவே ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். வழியில் மாட்டிக்கொண்டால் ஒழிய நான் அவற்றை ஊற்றச் சொல்ல மாட்டேன்.

அடைப்பை எடுக்க, ஆறிய இன்ஜினில் இரண்டு ஹீட்டர் ஹோஸ்களையும் கழற்றி, எது நுழைவது எது திரும்புவது என்று குறித்துக்கொள்ளுங்கள். வழியும் கூலன்டை வாளியில் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய ஹோஸ் கோரின் குழாயோடு ஒட்டியிருக்கும். முறுக்கி இழுக்க வேண்டாம். அந்தக் குழாய் மெல்லிய அலுமினியம், வளைந்தால் அப்போது நிஜமாகவே டேஷ்போர்டைப் பிரிக்க வேண்டி வரும். பிளேடால் ஹோஸின் நுனியை நீளவாக்கில் கீறி உரித்து எடுங்கள். ஹோஸ் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். பிறகு திரும்புகிற குழாய் வழியாகத் தண்ணீரை விடுங்கள். எந்தத் திசையில் அழுக்கு போய் மாட்டியதோ அதற்கு எதிர்த் திசையில் தள்ளினால்தான் அது வெளியே வரும். தண்ணீரைக் கொஞ்சமாகத் திறந்து தொடங்குங்கள். மறுமுனை திறந்திருக்கும் வரை அழுத்தம் ஏறாது. உள்ளே அடைத்திருந்தால் தண்ணீர்க் குழாயின் முழு அழுத்தமும் கோர் மேல்தான் விழும், அது தாங்கும்படி செய்யப்பட்டதல்ல. பழுப்பாக வரும், பிறகு தெளியும். திசை மாற்றி ஒரு முறை, மறுபடி எதிர்த் திசையில் ஒரு முறை. உள்ளே விடும் வேகத்துக்கு ஏறக்குறைய அதே வேகத்தில் வெளியே கொட்டினால் கோர் திறந்துவிட்டது. கடைசியில் வாயால் ஊதியே மிச்சத் தண்ணீரை வெளியேற்றிவிடலாம். கம்ப்ரெஸர் காற்றை அடிக்க வேண்டாம். அமிலம் கலந்த கழுவு திரவங்களைக் கடைசி முயற்சியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அரித்துப்போன இடத்தில் ஒழுகாமல் தடுத்துக்கொண்டிருந்ததே அந்த அழுக்காக இருக்கலாம். இதெல்லாம் முடிந்ததும் மறுபடி காற்று எடுக்க வேண்டும், அதற்கு விலக்கு இல்லை.

கோர் திறந்திருக்கிறது, காற்றும் இல்லை, இருந்தும் ஐடிலில் ஆறுகிறது என்றால் வாட்டர் பம்ப். உள்ளே சுற்றும் விசிறியின் இதழ்கள் அரித்துப்போயிருக்கும், அல்லது பிளாஸ்டிக் விசிறி தண்டின் மேல் வழுக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒழுகல் இருக்காது, சத்தமும் இருக்காது. அதனால்தான் இதைத் தவறவிடுகிறார்கள். டீசல் வண்டி என்றால் ஒரு விதிவிலக்கு: டீசல் இன்ஜின் ஐடிலில் மிகக் குறைந்த வெப்பத்தையே வெளியிடும், கடுங்குளிரில் நீண்ட நேரம் நிறுத்தி வைத்தால் ஓரளவு ஆறுவது இயல்பு. அதனால்தான் பல டீசல் வண்டிகளில் மின்சாரத்தில் இயங்கும் துணை ஹீட்டர் ஒன்றையும் வைக்கிறார்கள். ஆனால் டீசலானாலும் ஒரு பக்கம் மட்டும் ஆறுவது இயல்பல்ல.

இரண்டு ஹோஸ்களும் சமமாகச் சுட்டால் மட்டும் டேஷ்போர்டுப் பக்கம் வாருங்கள். ஓட்டுநர் பக்க வெப்பத்தைக் குறைந்த அளவிலிருந்து முழு அளவுக்கு மாற்றும்போது டிக் டிக் என்று சத்தம் வந்தால் ஆக்சுவேட்டரின் பிளாஸ்டிக் பல் உடைந்திருக்கிறது. சத்தமே இல்லையென்றால் கதவு எங்கே நிற்க வேண்டும் என்பதையே கம்ப்யூட்டர் மறந்திருக்கலாம். பேட்டரி மாற்றிய பிறகு இப்படி ஆவதுண்டு. ஸ்கேனர் மூலமாகவோ, ஏசி பட்டன்களைக் குறிப்பிட்ட விதத்தில் அழுத்தியோ மறுபடி கற்றுக்கொடுக்கலாம், வண்டிக்கு வண்டி முறை மாறும். பல வண்டிகளில் ஆக்சுவேட்டர் இரண்டு மூன்று ஸ்க்ரூவில்தான் நிற்கிறது. அதைக் கழற்றிக் கதவின் தண்டைக் கையால் திருப்பிப் பாருங்கள். திருப்பியதும் சூடு வந்தால் ஆக்சுவேட்டரை மட்டும் மாற்றினால் போதும். தண்டு திரும்பியும் காற்று மாறவில்லை என்றால் கதவே உடைந்திருக்கிறது, அது பெரிய வேலை. காற்றே பலவீனமாக வந்தால் கேபின் ஃபில்டரைப் பாருங்கள், சொல்லவே தேவையில்லாத விஷயம், ஆனாலும் மறந்துவிடும்.

டேஷ்போர்டைப் பிரித்துக் கோரை மாற்றுவது நியாயமாகும் நிலை இரண்டுதான். கழுவியும் அடைப்பு எடுபடவில்லை என்பது ஒன்று. கோரே ஒழுகுகிறது என்பது இன்னொன்று: கேபினுக்குள் இனிப்பு வாசனை, முன் கண்ணாடியின் உட்புறம் துடைக்கத் துடைக்கப் படியும் எண்ணெய்ப் படலம், காலடிக் கம்பளத்தில் பிசுபிசுப்பான ஈரம். ஏசி தண்ணீரும் அதே இடத்தில் வழியலாம். அது வெறும் தண்ணீர், பிசுபிசுக்காது. மாற்றுவதானால் முதலில் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: பல வண்டிகளில் ஹீட்டர், ஏசி இரண்டும் ஒரே பெட்டியில் இருப்பதால் ஏசி வாயுவையும் முறையாக எடுத்து மறுபடி நிரப்ப வேண்டியிருக்கும். அந்தச் செலவு மெக்கானிக் சொன்ன தொகையில் சேர்ந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

காற்று எடுத்த பிறகு ஒரு வாரம் காலையில் ஆறிய இன்ஜினில் அளவைப் பாருங்கள். முதல் ஓரிரு நாள் கொஞ்சம் இறங்குவது சகஜம், ஒளிந்திருந்த காற்று வெளியேறுகிறது. அதற்குப் பிறகும் வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகாமல் அளவு இறங்கிக்கொண்டே இருந்தால், அல்லது எவ்வளவு நேரம் விட்டாலும் குமிழ் நிற்கவே இல்லையென்றால், சிலிண்டர் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பாகத்துக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) வழியாக எரிந்த வாயு கூலன்டுக்குள் கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். ரேடியேட்டர் வாயில் வைத்துச் சோதிக்கும் நீல நிறத் திரவம் ஒன்று உண்டு. அந்த வாயு பட்டால் மஞ்சளாக மாறும். மாறினால் வண்டியை ஓட்டாமல் நிறுத்திவிட்டு முதலில் கேஸ்கெட்டைச் சரிசெய்யுங்கள், ஹீட்டர் வேலையை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.